எலும்பு சிமெண்டும் உயிருள்ள திசுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றிக்கொண்டவர்கள், மாற்றப்போகிறவர்கள், அவர்கள் வீட்டார், மருத்துவம் படிக்கிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்விகள் இவை. "உள்ளே வைக்கிற சிமெண்டை உடம்பு ஏற்றுக்கொள்ளுமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இதற்கு ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. ஒரே சிமெண்டை உடம்பு ஒரு நிலையில் இருபது வருஷம் சும்மா விட்டுவிடும். இன்னொரு நிலையில் அதைச் சுற்றியுள்ள எலும்பையே கரைத்துவிடும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கீழே விளக்க முயன்றிருக்கிறேன்.

எலும்பு சிமெண்ட் என்றால் கட்டடத்துக்குப் போடுகிற சிமெண்டா?

பெயர்தான் ஒன்று. மூட்டு மாற்று அறுவையில் பெரும்பாலும் பயன்படுவது அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் வகை. பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்பது முழுப்பெயர், சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. பல்செட்டின் இளஞ்சிவப்பு ஈறுப் பகுதியைச் செய்வதும் இதே குடும்பத்துப் பொருளில்தான்.

ஒரு பொட்டலம் தூள், ஒரு குப்பி திரவம் என்று தனித்தனியாக வரும். 40 கிராம் தூளுக்கு 20 மி.லி. திரவம் என்பது வழக்கமான அளவு. தூளில் ஏற்கெனவே பாலிமர், அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலி, ஆக்கப்பட்ட நுண்மணிகள், வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்க்கும் பேரியம் சல்பேட் அல்லது சிர்கோனியம் டையாக்சைடு ஆகியவை இருக்கும். திரவத்தில் மெத்தில் மெத்தக்ரிலேட் என்ற மோனோமர் (அந்தச் சங்கிலியின் தனிக் கண்ணி), வினையை முடுக்கிவிடும் டைமெத்தில் பாரா டொலுயிடின், குப்பிக்குள்ளேயே இறுகிவிடாமல் தடுக்க மிகச் சிறிதளவு ஹைட்ரோகுவினோன். இரண்டையும் கலந்தால் முதலில் குழம்பு மாதிரி இருக்கும், அப்புறம் பிசைந்த மாவு மாதிரி ஆகும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கல்லாகிவிடும்.

எதையாவது குழைத்து எலும்புக்குள் மூட்டைப் பொருத்தும் யோசனை பழையது. 1890-களிலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் தெமிஸ்டோக்ளெஸ் குளுக், தந்தத்தில் செய்த மூட்டுகளைப் பிசினும் பியூமிஸ் கல்பொடியும் பாரிஸ் சாந்தும் கலந்த கலவையால் பொருத்திப் பார்த்தார். அக்ரிலிக் சிமெண்டை இடுப்பு மூட்டில் நம்பகமான முறையாக நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1950-களின் கடைசியில் தொடங்கிய அந்த வேலையில், பல் மருத்துவப் பொருள்கள் தெரிந்த டென்னிஸ் ஸ்மித் அவருக்குத் துணையாக இருந்தார்.

இதைத் தவிர கால்சியம் பாஸ்பேட், கால்சியம் சல்பேட், கண்ணாடி அயனோமர் என்று வேறு வகைச் சிமெண்ட்களும் உண்டு. அவற்றுக்குத் திசு தரும் பதில் முற்றிலும் வேறு, பின்னால் வருகிறது.

இது எலும்பை ஒட்டவைக்கிற பசைதானே?

இல்லை. பி.எம்.எம்.ஏ. எலும்போடு வேதியல் முறையில் ஒட்டுவதே கிடையாது. எலும்பின் உட்பகுதி கடற்பஞ்சு மாதிரி துளைகள் நிறைந்தது. இளகலாக இருக்கும்போது அழுத்தித் தள்ளினால் சிமெண்ட் அந்தத் துளைகளுக்குள் சில மி.மீ. ஆழம் வரை விரல் விட்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கோர்ப்பு மட்டும்தான் பிடிமானம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதி விஷயம் தானாகவே புரியும். கோர்ப்பு நன்றாக விழுந்தால் அசைவு இருக்காது, அசைவு இல்லாத இடத்தில் திசு அமைதியாக இருக்கும்.

இறுகும்போது கொதிக்கிற அளவு சூடாகுமாமே, எலும்பு வெந்துபோகாதா?

சூடாகும் என்பது உண்மை. மோனோமர் மூலக்கூறுகள் சங்கிலியாக இணையும்போது வெப்பம் வெளியாகிறது. ஆய்வுக்கூடத்தில் கெட்டியான ஒரு கட்டியை இறுகவிட்டு அளந்தால் 70, 80 டிகிரி செல்சியஸையும் தாண்டும். உடம்புக்குள் அவ்வளவு ஏறுவதில்லை. அங்கே சிமெண்ட் சில மி.மீ. படலம்தான்; உலோக மூட்டு சூட்டை இழுத்துக்கொள்கிறது, இரத்த ஓட்டமும் கொஞ்சம் கொண்டுபோகிறது. எலும்பை ஒட்டிய இடத்தில் பெரும்பாலும் 40 முதல் 60 டிகிரிக்குள்தான் அளந்திருக்கிறார்கள்.

சரி, அது மட்டும் சும்மா இருக்குமா? 1983-இல் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் இருவரும் முயல்களில் செய்த ஆய்வு இதற்கு ஓர் எல்லை சொல்கிறது. 47 டிகிரியில் ஒரு நிமிஷம் வைத்தாலே எலும்புத் திசு பாதிக்கப்பட ஆரம்பிக்கிறது. ஆகவே சிமெண்டை ஒட்டிய மெல்லிய அடுக்கில் சில செல்கள் சாவது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் என் பார்வையில் வெப்பத்தின் மேல் அளவுக்கு மீறிப் பழி போடுகிறோம். சிமெண்ட் வருவதற்கு முன்பே எலும்பின் உட்குழியை ராவிக் குடைந்திருப்பார்கள்; அதிலேயே உள்ளிருந்து வரும் இரத்த நாளங்கள் அறுந்துபோகும். இரத்தம் போகாத எலும்பு சாகும். அதோடு இறுகாத மோனோமரின் நச்சும் சேர்கிறது. சிமெண்டே போடாமல் குடைந்த எலும்பிலும் ஒரு செத்த அடுக்கு உருவாகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சூடு என்பது மூன்று காரணங்களில் ஒன்று என்று தெரியும்.

அந்தத் திரவம் விஷம் என்கிறார்களே?

மோனோமர் இறுகாத நிலையில் செல்களுக்கு நச்சுதான். கலவை கெட்டியான பிறகும் 2 முதல் 6 சதவீதம் வரை மோனோமர் வினைபுரியாமல் மிச்சம் இருக்கும். அதில் பெரும்பங்கு அடுத்த சில வாரங்களில் உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்லப் பாலிமராகிவிடும். மிச்சம் சுற்றியுள்ள திசுவுக்குள் கசியும்.

இரத்தத்துக்குப் போன பகுதி அங்கே நெடுநேரம் தங்குவதில்லை. கொஞ்சம் நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறும். மற்றது மெத்தக்ரிலிக் அமிலமாக உடைந்து, வாலின் என்ற அமினோ அமிலம் சிதைகிற அதே பாதையில் சேர்ந்து, கடைசியில் கார்பன் டையாக்சைடும் தண்ணீருமாக முடியும். உடம்புக்கு ஏற்கெனவே பழக்கமான வழி அது.

முடுக்கியாகச் சேர்க்கும் டைமெத்தில் பாரா டொலுயிடினைப் பற்றியும் கேட்கிறார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி வகையில் வைத்திருக்கிறது. சிமெண்டில் இதன் அளவு மிகக் குறைவு. ஆனாலும் செல் வளர்ப்புச் சோதனைகளில் செல்பெருக்கத்தைத் தடுப்பது தெரிவதால், இதற்கு மாற்றாக வேறு முடுக்கிகளைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தேடல் தேவையானதுதான்.

சிமெண்ட் போடும் நேரத்தில் இரத்த அழுத்தம் சட்டென்று விழும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. சிமெண்ட் பதிப்பு நோய்க்குறி என்று இதைச் சொல்லலாம். சிமெண்டை உள்ளே அழுத்தும்போதோ மூட்டைச் செருகும்போதோ இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், அழுத்தம் இறங்கும், அபூர்வமாக இதயமே நின்றுபோகும். இதன் தீவிரத்தை மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, சிஸ்டாலிக் அழுத்தம் (இரத்த அழுத்தத்தின் மேல் எண்) 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ முதல் படி. ஆக்சிஜன் 88-க்குக் கீழே போனாலோ, அழுத்தம் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தாலோ, நோயாளி எதிர்பாராமல் நினைவிழந்தாலோ இரண்டாம் படி. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டிய நிலை மூன்றாம் படி.

மோனோமரின் நச்சுதான் இதற்குக் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். இரத்தத்தில் காணப்படும் அளவு அதற்குப் போதாது என்று பிறகு தெரிந்தது. இப்போது முதன்மையாகச் சொல்லப்படும் காரணம் அழுத்தம். குழாய் போன்ற தொடை எலும்புக்குள் சிமெண்டைத் தள்ளும்போது உள்ளிருக்கும் கொழுப்பும் மஜ்ஜையும் காற்றும் சிரைகளுக்குள் பிதுக்கப்பட்டு நுரையீரலுக்குப் போய் அடைக்கின்றன. ஹிஸ்டமின் வெளிப்பாடு, நிரப்புப் புரதங்கள் என்ற இரத்தத்தின் தற்காப்புப் புரதங்களின் தூண்டல் போன்ற நோயெதிர்ப்பு வினைகளும் அதோடு கூடுகின்றன.

தடுக்கும் வழி இதிலிருந்தே கிடைக்கிறது. சிமெண்டுக்கு முன் எலும்புக் குழியை நீர்ப்பீச்சலால் நன்றாகக் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், மயக்க மருத்துவருக்குச் "சிமெண்ட் போடப்போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வயதானவர்களும், இதயமோ நுரையீரலோ ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களும், இடுப்பு முறிவுக்காக அறுவை செய்துகொள்பவர்களும்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். கழுவுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கொழுப்பு நீங்கிய துளைகளுக்குள் சிமெண்ட் ஆழமாகப் போகும். மேலே சொன்ன கோர்ப்பு பலமாகும். ஐந்து நிமிஷக் கழுவல் அறுவை மேஜையில் உயிரையும் காக்கிறது, பதினைந்து வருஷம் கழித்து மூட்டையும் காக்கிறது என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

முதல் நாளிலிருந்து திசுவுக்குள் என்னதான் நடக்கிறது?

சிமெண்ட் தொட்ட சில நொடிகளிலேயே இரத்தப் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற செல்கள் எதுவும் சிமெண்டை நேராகத் தொடுவதில்லை. இந்தப் புரதப் படலத்தைத்தான் தொடுகின்றன. முதலில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வரும். இரண்டொரு நாளில் மேக்ரோஃபேஜ்கள் வந்து சேரும். இவை விழுங்கு செல்கள். குப்பை அள்ளுவதும், மற்ற செல்களுக்குச் செய்தி அனுப்புவதும் இவற்றின் வேலை. விழுங்க முடியாத அளவு பெரிய பொருளாக இருந்தால் பல மேக்ரோஃபேஜ்கள் ஒன்றாக உருகிச் சேர்ந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சச செல்லாகி அதன் மேல் படர்ந்து உட்கார்ந்துவிடும்.

மனித எலும்பில் இதன் காலவரிசையை ஹான்ஸ்-கியார்க் வில்லெர்ட் 1974-இல் தன் குழுவோடு வெளியிட்ட ஆய்வில் தெளிவாக்கினார். முதல் மூன்று வாரம் சேத நாட்கள். சிமெண்டை ஒட்டிய சில மி.மீ. எலும்பும் மஜ்ஜையும் செத்துக் கிடக்கும், இரத்தம் கட்டியிருக்கும். நான்காம் வாரம் முதல் ஏறக்குறைய இரண்டு வருஷம் வரை பழுதுபார்க்கும் காலம். புதிய இரத்த நாளங்கள் உள்ளே வரும். செத்த எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற அரிக்கும் செல்கள் எடுக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற கட்டும் செல்கள் அந்த இடத்தில் புது எலும்பை வைக்கும். அதற்கு மேல் நிலைத்த காலம். சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய இணைப்புத் திசுப் படலம் நிற்கும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் என்பதைக் கவனிக்க வேண்டும். தையல் பிரித்து, நோயாளி நடந்து, வீட்டு வேலையெல்லாம் பார்க்க ஆரம்பித்து எத்தனையோ மாதம் ஆன பிறகும் உள்ளே கொத்தனார் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அந்தப் படலம் நல்லதா, கெட்டதா?

அதன் தடிமனையும் குணத்தையும் பொறுத்தது. மெல்லியதாக, நார்த்தன்மையோடு, செல்கள் குறைவாக இருந்தால் பிரச்சினை இல்லை. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மூட்டுகளை நோயாளியின் இறப்புக்குப் பிறகு எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பல இடங்களில் படலமே இல்லாமல் எலும்பு சிமெண்டை நேராகத் தொட்டுக்கொண்டிருந்ததும் தெரியவந்திருக்கிறது. பாரம் தாங்கும் இடங்களில் நார்க்குருத்தெலும்பு உருவாகியிருப்பதைச் சார்ன்லியும் பார்த்திருக்கிறார். ஆகவே, எப்போதுமே சிமெண்டைச் சுற்றித் தழும்புத் திசுதான் வளரும் என்ற பழைய பாடம் சரியில்லை.

கழன்றுபோன மூட்டுகளைச் சுற்றியுள்ள படலம் வேறு ரகம். தடிமனாக, மேக்ரோஃபேஜ்கள் நிறைந்து, மூட்டுச் சவ்வு போலவே மாறியிருக்கும். 1983-இல் கோல்ட்ரிங்கும் குழுவினரும் அப்படிப்பட்ட படலங்களை வளர்த்துப் பார்த்தபோது, அவை புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற அழற்சிப் பொருளையும், எலும்பின் நார்ப் புரதமான கொலாஜனைச் சிதைக்கும் நொதியையும் ஏராளமாகச் சுரந்தன. எலும்பைக் கரைக்கத் தேவையான சரக்கு அந்தப் படலத்திலேயே தயாராகிறது என்பது இந்தத் துறையில் ஒரு பெரிய திருப்பம்.

இத்தனை வருஷம் சும்மா இருந்த சிமெண்ட் பிறகு ஏன் கழன்றுவிடுகிறது?

பொருள் மாறுவதில்லை. அதன் வடிவம் மாறுகிறது. முழுக்கட்டியாக இருக்கும்வரை மேக்ரோஃபேஜ்களுக்கு அது ஒரு சுவர்; தொட்டுப் பார்த்துவிட்டு அடங்கிவிடும். வருஷக்கணக்கான நடையில், ஏறி இறங்கும் பாரத்தில் சிமெண்டில் நுண்விரிசல் விழும். அந்த விரிசலின் ஓரங்கள் உரசித் தூளாகும். பத்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய தூள் என்றால் அது மேக்ரோஃபேஜ் வாய்க்குச் சரியான கவளம்.

விழுங்கும். ஆனால் செரிக்க முடியாது, பி.எம்.எம்.ஏ.வை உடைக்கும் நொதி நம் உடம்பில் இல்லை. விழுங்கி மாட்டிக்கொண்ட செல் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின் 1, இன்டர்லூகின் 6 போன்ற அழற்சிச் செய்திகளை விடாமல் அனுப்பும். அதைக் கேட்டு ஆஸ்டியோபிளாஸ்ட்களும் அவற்றின் சுற்றுப்புறச் செல்களும் ரான்க்-எல் என்ற மூலக்கூறைக் கூடுதலாக வெளியிடும். ரான்க்-எல் கூடினால் புதுப்புது ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பிறக்கும், எலும்பு அரிக்கப்படும். எலும்பு போன இடத்தில் இடைவெளி, இடைவெளியால் அசைவு, அசைவால் இன்னும் தூள். ஒருமுறை இந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் தானாக நிற்பது கடினம்.

இங்கே ஒரு வரலாற்றுப் பிழையையும் சொல்லியாக வேண்டும். இப்படி எலும்பு கரைவதை 1987-இல் "சிமெண்ட் நோய்" என்று பெயரிட்டார்கள். பெயர் பரவியது. பழியெல்லாம் சிமெண்டின் தலையில் விழுந்து, சிமெண்ட் இல்லாத மூட்டுகள்தான் தீர்வு என்று பலர் அந்தப் பக்கம் போனார்கள். சில வருஷங்களில், சிமெண்டே இல்லாத மூட்டுகளைச் சுற்றியும் அதே மாதிரி எலும்பு கரைந்து கிடந்தது. மூட்டின் கிண்ணத்தில் உள்ள பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் தேய்ந்து விழும் தூள்தான் பெரும் குற்றவாளி என்று அப்போதுதான் புரிந்தது. நோய் சிமெண்டுக்கு உரியது அல்ல, தூளுக்கு உரியது.

சார்ன்லிக்கு இந்தப் பாடம் அதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்தது. அவர் முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லான் பயன்படுத்தினார். அது வேகமாகத் தேய்ந்து, அந்தத் தூளைச் சுற்றிப் பெரிய திசுக்கட்டிகள் வளர்ந்தன. 1962-இல் பாலிஎதிலீனுக்கு மாறினார். இரண்டு பொருள்களின் தூளையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, எது கட்டியாகிறது என்று மாதக்கணக்கில் தடவிப் பார்த்தார். டெஃப்லான் இருந்த இடத்தில் முடிச்சு கட்டியது. பாலிஎதிலீன் இருந்த இடத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. நோயாளிகளுக்கு வைக்கும் பொருளைத் தன் உடம்பிலேயே சோதித்த அந்த மனிதரை எப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதை கூடுகிறது.

திசு மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தால் சிமெண்ட் தெரியுமா?

வழக்கமான ஸ்லைடில் தெரியாது. மாதிரியைத் தயாரிக்கும்போது சைலீன் என்ற கரைப்பானில் முக்குவார்கள், சைலீனில் பி.எம்.எம்.ஏ. கரைந்துபோய்விடும். செல்களுக்கு நடுவே காலியான வட்டக் குழிகள்தான் மிஞ்சும், ஓரத்தில் ராட்சச செல்கள் அணைத்து நிற்கும். கரையாத பேரியம் சல்பேட் மட்டும் நுண்மணிகளாகத் தங்கியிருக்கும். அந்த வெற்றுக் குழியைக் கொழுப்பு என்று தவறாகப் படித்துவிடக் கூடாது. நோயியல் படிக்கிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேக்காகச் சேர்க்கும் பேரியம் சல்பேட்டுக்குத் திசு என்ன பதில் தருகிறது?

சிமெண்டுக்குள் பூட்டியிருக்கும்வரை ஒன்றுமில்லை. தூளாகி வெளியே வந்தால் நிலைமையை மோசமாக்குகிறது. பேரியம் சல்பேட் கலந்த பி.எம்.எம்.ஏ. தூளை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள், கலக்காத தூளை விழுங்கியவற்றைவிட அதிகமாக எலும்பை அரிக்கும் செல்களாக மாறுவதை 1990-களில் செல் வளர்ப்பு ஆய்வுகள் காட்டின. கடினமான இந்த மணிகள் மூட்டின் நடுவே சிக்கினால் பாலிஎதிலீனைக் கீறி இன்னும் தூளை உண்டாக்கும். இருந்தாலும் இதைச் சேர்க்காமல் இருக்க முடியாது. எக்ஸ்ரேயில் தெரியாத சிமெண்டை வைத்துவிட்டுப் பிறகு எப்படிக் கண்காணிப்பது?

சிமெண்டுக்கு அலர்ஜி வருமா?

வரலாம், ஆனால் அபூர்வம். மெத்தில் மெத்தக்ரிலேட், பென்சாயில் பெராக்சைடு, கலந்த ஆன்டிபயாட்டிக் இவற்றில் எதற்கு வேண்டுமானாலும் ஒவ்வாமை இருக்கக்கூடும். நகப்பூச்சிலோ பல் சிகிச்சையிலோ அக்ரிலிக் பட்டுத் தோல் அரித்த அனுபவம் இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்மையில் இந்த ஒவ்வாமைக்கு அதிகம் ஆளாகிறவர்கள் அதைக் கையாள்கிறவர்கள்தான். மோனோமர் லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிஷங்களில் ஊடுருவிவிடும். விரல் நுனி வெடித்துப் புண்ணாகி அவதிப்படும் அறுவை மருத்துவர்களும் பல் தொழில்நுட்பர்களும் உண்டு.

சிமெண்டில் ஆன்டிபயாட்டிக் கலப்பது எலும்புச் செல்களைப் பாதிக்காதா?

1970-இல் ஜெர்மனியில் புக்ஹோல்ட்ஸும் எங்கல்பிரெக்டும் ஜென்டாமைசினைச் சிமெண்டில் கலந்ததை வெளியிட்டதிலிருந்து இது பரவலான வழக்கம். சூட்டைத் தாங்கி, நீரில் கரையும் மருந்தாக இருக்க வேண்டும். ஜென்டாமைசின், டோப்ராமைசின், வான்கோமைசின் போன்றவை பொருந்தும். முதல் சில மணி நேரங்களில் மேற்பரப்பிலிருந்து நிறைய வெளிவரும், பிறகு மிக மெதுவாகக் கசியும். உள்ளே புதைந்த பெரும்பகுதி வெளியே வருவதே இல்லை.

மிக அதிகச் செறிவில் ஜென்டாமைசின் ஆஸ்டியோபிளாஸ்ட்களின் வேகத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. அந்தச் செறிவு சிமெண்டை ஒட்டிய இடத்தில் கொஞ்ச நாள் மட்டுமே நிற்கிறது. மறுபக்கத்தைப் பாருங்கள்: புதிதாக வைத்த எந்தப் பரப்பிலும் திசுச் செல்களுக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவே யார் முதலில் குடியேறுவது என்ற பந்தயம் நடக்கிறது. பாக்டீரியா முந்திக்கொண்டு உயிர்ப்படலம் (மருந்து எளிதில் எட்டாத பிசுபிசுப்பான உறை) கட்டிவிட்டால் மூட்டையே கழற்ற வேண்டியதுதான். அந்தப் பந்தயத்தின் முதல் நாட்களில் திசுவுக்குத் துணை நிற்கிற மருந்து என்று பார்த்தால், இந்தச் சிறு தாமதம் கொடுக்கத் தகுந்த விலைதான். மருந்தை அளவுக்கு மீறிக் கலந்தால் சிமெண்டின் பலம் குறையும் என்பதால், நிரந்தரமாக இருக்கப்போகும் சிமெண்டில் குறைவாகவும், சில வாரங்களில் எடுத்துவிடப்போகும் தற்காலிகத் துண்டில் அதிகமாகவும் கலப்பார்கள்.

அந்நியப் பொருளுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பை நல்லதுக்குப் பயன்படுத்த முடியாதா?

பயன்படுத்துகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் அலென் மாஸ்கலே உருவாக்கிய முறை அது. விபத்திலோ நோய்த்தொற்றிலோ எலும்பில் பெரிய துண்டு போய்விட்டால், அந்த இடைவெளியில் முதலில் பி.எம்.எம்.ஏ. கட்டி ஒன்றை வைத்து மூடுவார். ஆறு முதல் எட்டு வாரத்தில் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வுப் பை கட்டிவிடும். பிறகு பையைக் கிழிக்காமல் திறந்து, சிமெண்டை எடுத்துவிட்டு, நோயாளியின் எலும்புத் துகள்களை அதற்குள் நிரப்புவார்கள்.

அந்தச் சவ்வு வெறும் உறை இல்லை. இரத்த நாளங்கள் நிறைந்தது; நாள வளர்ச்சிக் காரணியையும் எலும்பை உருவாக்கத் தூண்டும் பி.எம்.பி. 2 புரதத்தையும் சுரக்கிறது. உள்ளே வைத்த துகள்கள் கரைந்து போகாமல் காத்து, எலும்பாக மாற உதவுகிறது. ஒதுக்கிவைக்க வேண்டும் என்று உடம்பு கட்டிய மதில், அடுத்த எலும்புக்குத் தொட்டிலாகிவிடுகிறது. திசு மறுவினையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது.

எலும்பாகவே மாறிவிடும் சிமெண்ட் உண்டா?

அதற்கு மிக அருகில் வருவது கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட். 1980-களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ இருவரும் கண்டுபிடித்தது. இரண்டு வகைக் கால்சியம் பாஸ்பேட் தூள்களைத் தண்ணீரில் குழைத்தால் உடல் வெப்பத்திலேயே, சொல்லும்படியான சூடு இல்லாமல், ஹைட்ராக்சிஅபடைட்டாக இறுகும். எலும்பின் கனிமப் பகுதிக்கு நெருங்கிய உறவு அது. மோனோமர் இல்லை, நச்சு வாசனை இல்லை. எலும்பு இதை அந்நியமாக நடத்துவதில்லை. நடுவில் நார்ப்படலம் போடாமல் நேராக ஒட்டி வளர்கிறது.

இப்படி அபடைட்டாக இறுகும் வகையை ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பழைய எலும்பை அரிப்பது போலவே மேற்பரப்பிலிருந்து அரிக்கும், பின்னாலேயே புது எலும்பு வரும். ஆனால் உள்துளைகள் செல் நுழைய முடியாத அளவு சிறியவை. அதனால் வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்காகத்தான் போக முடியும். பெரிய கட்டி என்றால் வருஷங்கள் ஆகும். நூறு மைக்ரானுக்கு மேற்பட்ட துளைகளை வேண்டுமென்றே உண்டாக்கினால் நாளங்களும் செல்களும் உள்ளே புகுந்து வேலை வேகமாகும், ஆனால் சிமெண்டின் பலம் குறையும். புருஷைட் என்ற இன்னொரு வகை தானாகவே கொஞ்சம் கரைவதால் சீக்கிரம் மறையும். எலும்பு நிரம்பும் வேகத்தைவிட அது கரையும் வேகம் கூடினால் நடுவில் இடைவெளி விழும்.

இவ்வளவு நல்ல பொருளை மூட்டு பொருத்த ஏன் பயன்படுத்துவதில்லை என்றால், இழுவையையும் முறுக்கையும் தாங்காது, சுண்ணக்கட்டி போல உடையும். மண்டையோட்டுக் குறைபாடு, மணிக்கட்டு முறிவு, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்தட்டு முறிவு போன்ற இடங்களில் நிரப்பியாகத்தான் பொருந்தும்.

திசுவுக்கு இணக்கமானது என்பதால் எங்கேயும் ஆபத்தில்லை என்றும் நினைக்கக் கூடாது. இரத்தத்தில் கலந்தால் உறைகட்டியைத் தூண்டக்கூடியது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த வகைச் சிமெண்ட் ஒன்றை உரிய அனுமதி இல்லாமல் முதுகெலும்பு முறிவுகளுக்குப் பயன்படுத்தவைத்தார்கள். மூன்று நோயாளிகள் அறுவை மேஜையிலேயே இறந்தார்கள். நிறுவனத்தின் உயரதிகாரிகள் பின்னர் சிறைக்குப் போனார்கள். எந்தத் திசுவில், எந்த அழுத்தத்தில், எதற்காக என்று கேட்காமல் ஒரு பொருளை "உடம்புக்கு ஒத்தது" என்று முத்திரை குத்துவது எவ்வளவு அபாயம் என்பதற்கு அந்த மூன்று உயிர்கள் சாட்சி.

பாரிஸ் சாந்தைக்கூட எலும்புக்குள் வைப்பார்களா?

வைப்பார்கள், 1892-லேயே டிரெஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளை அதனால் நிரப்பினார். பாரிஸ் சாந்து என்பது கால்சியம் சல்பேட்தான், அது இரண்டு மூன்று மாதத்தில் முழுதாகக் கரைந்துவிடும். கரையும்போது அந்த இடம் கொஞ்சம் அமிலமாகும். சிலருக்குக் காயத்திலிருந்து தெளிந்த நீர் வடியும். சீழ் என்று பயப்பட வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் காட்டித் தொற்று இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பல்லில் வைக்கும் கண்ணாடி அயனோமர் சிமெண்டை எலும்பில் வைத்தால் என்ன?

1990-களில் காது, மண்டையோட்டு அடிப்பகுதி அறுவைகளில் வைத்துப் பார்த்தார்கள். எலும்போடு நன்றாக ஒட்டியது. ஆனால் அதிலிருந்து அலுமினியம் அயனிகள் கசியும். மூளையைச் சுற்றியுள்ள திரவத்தைச் சிமெண்ட் தொட்ட நோயாளிகளில் சிலருக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்தன, உயிரிழப்பும் நடந்தது. அலுமினியம் எலும்பில் கனிமம் படிவதையும் தடுக்கும். பல்லில் எனாமலுக்கும் டென்டினுக்கும் நடுவே பல்லாண்டுகளாகப் பாதுகாப்பாக இருக்கிற அதே பொருள்தான் இது.

முதுகெலும்பில் ஊசி வழியாகச் செலுத்தும்போது?

1984-இல் பிரான்சில் கலிபேரும் டெராமோனும் தொடங்கிய முறை. அங்கும் பெரும்பாலும் பி.எம்.எம்.ஏ.தான். முள்ளெலும்புக்குள் அடங்கி இருந்தால் திசுவின் பதில் மேலே சொன்ன மாதிரியேதான். கசிந்தால் கதை வேறு: நரம்பை அழுத்தலாம், சிரை வழியாக நுரையீரலுக்குப் போகலாம். அப்புறம், பி.எம்.எம்.ஏ. பஞ்செலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. விறைப்பான ஒன்றின் அருகில் உள்ள மெலிந்த எலும்பு கூடுதல் பாரம் தாங்க வேண்டிவரும். பக்கத்து முள்ளெலும்பு முறிவுகளுக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு மூட்டு மாற்றிப் பத்து வருஷம் ஆகிறது. வலியே இல்லை. வருஷாவருஷம் எக்ஸ்ரே எதற்கு?

தூளால் எலும்பு கரைவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கிறது. வலி தெரியும்போது கணிசமான எலும்பு போயிருக்கும். மறு அறுவைக்குப் பிடிமானம் கிடைக்காமல் மருத்துவர் திண்டாடுவார். எக்ஸ்ரேயில் சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு தெரிவது மட்டும் ஆபத்தல்ல, குறிப்பாக முழங்காலில் அது அடிக்கடி காணக்கூடியது. அந்தக் கோடு இரண்டு மி.மீ.க்கு மேல் அகன்றாலோ, முந்தைய படத்தைவிட நீண்டிருந்தாலோ, எலும்பில் குகை போல் ஓர் இடம் தெரிந்தாலோதான் யோசிக்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது மூட்டையும் ஆளையும் பொறுத்தது; அதை உங்கள் மருத்துவர் சொல்வார். வலி வந்தால், குறிப்பாக உட்கார்ந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் தொடையிலோ இடுப்புச் சந்திலோ வந்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

கோடு மாறியிருக்கிறதா என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அறுவை முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் கையோடு கொண்டுபோங்கள்.